செல்ஃப் எடுக்கல

ஞாயிறு, வெடியால.

தோப்பில் புல் முழங்காலைத் தொட்டுவிட்டது. மழை நின்று மூன்று வாரம். இனியும் விட்டால் மட்டை விழுந்தாலும் காய் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, பாம்பும் தெரியாது. நேற்றே மினி டிராக்டருக்குப் பின்னால் புல் வெட்டும் ஸ்லாஷரை மாட்டி வைத்தாயிற்று. சாவியைத் திருப்பினேன். டக டக டக டக. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஹெட்லைட் போட்டால் பளிச்சென்று எரிகிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் மங்கி அணைந்தே போகிறது.

அம்மா கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டே சொன்னாள்: "பேட்டரி எறங்கிப் போச்சாட்டம் இருக்குது சாமி."

எங்கள் வீட்டில் வண்டிக்கு வரும் நோய் ஒன்றே ஒன்றுதான். மனுசனுக்கு வாயு, வண்டிக்கு பேட்டரி.

•

உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் கோல்ஃப் மைதானம், கிரிக்கெட் மைதானம், பெரிய கல்லூரி வளாகம் என்று போக வேண்டும். காங்கேயத்தில் அந்த வேலையைச் செய்வது பதினைந்து, பதினெட்டு குதிரைத்திறன் மினி டிராக்டர்தான். 25 அடி இடைவெளியில் நட்ட தென்னைக்கு நடுவில், வட்டப் பாத்தியை மிதிக்காமல், சொட்டுநீர்க் குழாயை அறுக்காமல் வளைந்து போக அதற்கு மட்டும்தான் முடியும். பேர் வேறானாலும் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது இரண்டும் ஒரே ஜாதி.

•

மதியம்.

வண்டி நின்றுவிட்டால் ஆள் சேர்ந்துவிடுகிறது. பால் ஊற்ற வந்தவர் "செல்ஃப் மோட்டார் போயிருக்கும்" என்றார். தேங்காய் போட வந்தவர் "டைனமோ" என்றார். ஒரு பையன் செல்போனில் வீடியோ காட்டினான். அதில் வேறு ஏதோ நாட்டில் வேறு ஏதோ வண்டியை ஒருவர் சுத்தியால் தட்டுகிறார், ஓடுகிறது. எவரும் கீழே குனிந்து பார்க்கவில்லை. நானும்தான்.

பக்கத்துத் தோட்டத்து மாமா தன் பெரிய டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி ஜம்பர் வயர் போட்டார். பிளஸ்ஸுக்குப் பிளஸ். "மைனஸ் கிளிப்பை நம்ம பேட்டரில மாட்டாத மாப்ள, எஞ்சின் இரும்புல மாட்டு" என்றார். முறை அதுதான். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும், கடைசிக் கிளிப்பை மாட்டும்போது பொறி பறக்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பது நல்லது. மாட்டினேன். சாவியைத் தொட்டதும் எடுத்துக்கொண்டது.

"அட, பேட்டரியேதான்" என்று எல்லோரும் ஒரே குரலில். பாதித் தோப்பை வெட்டி முடித்து, வண்டியைக் கட்டுத்தரை ஓரத்தில் நிறுத்தி அணைத்தேன். நாளைக்குப் புது பேட்டரி.

•

திங்கள், பொழுதோட.

காங்கேயம் போய்ப் புது பேட்டரி. பழையதைக் கொடுத்துக் கழித்தது போக ஆறாயிரத்துக்குப் பக்கம். மாட்டினேன். சாவி.

டக டக டக டக.

•

எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பிரச்னையே கிடையாது. தென்னையும் கிடையாது. வாய்க்கால் தண்ணீரும் ஆழ்குழாயும் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் தென்னை இத்தனை பெருத்தது. அதற்கு முன் இருந்தது கொறங்காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். காட்டை வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேய்ந்து முடிந்ததும் படலைத் திறந்து அடுத்ததில் விடுவார்கள். மேய்ந்த துண்டு ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். புல் வெட்டுவதற்கு என்று ஒரு வேலை இருக்கவில்லை. காங்கேயம் மாடு அந்தக் காட்டில் வளர்ந்ததுதான். காளையாக இருந்தால் வண்டி இழுத்தது, கவலை ஏற்றம் இறைத்தது. மானாவாரிக் காட்டில் மழை பொய்த்தாலும் கொழுக்கட்டைப் புல் காய்ந்து நின்று, ஒரு மழைக்கே திரும்பத் துளிர்த்துவிடும்.

பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் மாட்டு இனத்தைப் பேணியது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டையில் மாட்டுச் சந்தை. போனால், காளை வாங்குகிறவர் அதை நடக்கவிட்டு, திருப்பிவிட்டு, வாலைப் பிடித்து, சுழி பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் துண்டுக்குள் கை விடுவார். யாரும் மொத்தமாக நின்று பார்த்து "காளைக்கு ரத்தம் பத்தாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. நான் பேட்டரி வாங்கினது எப்படி?

•

புல் வெட்டும் இயந்திரம் துணி மில்லில் பிறந்தது. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர்ப்பக்கம் எட்வின் பியர்ட் படிங் என்பவர், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சமமாக வழிக்கும் உருளைக் கத்தியைப் பார்த்து, இதையே புல்லுக்கு வைத்தால் என்ன என்று யோசித்தார். 1830இல் காப்புரிமை. அக்கம்பக்கத்தார் கிறுக்கு என்பார்களே என்று ராத்திரியில் ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். பிறகு குதிரை இழுத்தது. புல்தரையில் குளம்படி பதியக் கூடாதென்று குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டிவிட்டார்கள். 1902இல் ரான்சம்ஸ் கம்பெனி பெட்ரோல் எஞ்சினை வைத்தது.

துணியிலிருந்து புல்லுக்கு வந்த கத்தி. திருப்பூர் மாவட்டத்துக்காரனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

•

செவ்வாய்.

மெக்கானிக் அண்ணன் வந்தார். டவுனில் பட்டறை. கையில் ஒரு மல்டிமீட்டர், இரண்டு ஸ்பேனர். வந்தவர் வண்டியைத் தொடவில்லை. கதை கேட்டார். ஜம்பர் போட்டதும் எடுத்துக்கொண்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஏனுங்க தம்பி, மைனஸ் கிளிப்பை எங்க மாட்டுனீங்க?"

"எஞ்சின் பாடிலண்ணா."

சிரித்தார். "பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்க."

அவர் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். அடுத்த முறை மறந்துபோகும்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டர். சும்மா இருக்கும்போது 12.6. நிறைந்த பேட்டரிக்கு அதுதான் கணக்கு. 12.4 என்றால் முக்கால்வாசி, 12க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் கால்வாசிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 14க்குப் பக்கத்தில் நின்றால் டைனமோ வேலை செய்கிறது.

அடுத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். டக டக டக. மீட்டர் 12.4இல் நிற்கிறது. இதுதான் எனக்குத் தெரியாத இடம். செல்ஃப் மோட்டார் உண்மையாகவே சுற்றினால் பேட்டரி 11க்கோ 10க்கோ இறங்கத்தான் செய்யும். 9.6க்குக் கீழே போனால் பேட்டரி சொத்தை. ஆனால் இறங்கவே இல்லை என்றால்?

"வேலை செஞ்சாத்தானுங்க களைப்பு வரும். இது இன்னும் வேலைக்கே போகலீங்க."

மூன்றாவது, மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று எஞ்சின் இரும்பில். இரண்டும் மைனஸ்தான், நடுவில் வோல்ட் எதுவும் காட்டக் கூடாது. சாவி திருப்பும்போது அரை வோல்ட் வரைக்கும் பொறுக்கலாம். காட்டியது நான்குக்கு மேல்.

"இந்த நாலு வோல்ட்டு இங்க என்ன பண்ணுது?"

சீட்டைத் தூக்கினார். பேட்டரி மைனஸிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டை, செம்புக் கம்பியைப் பின்னிய ஒரு ஜடை. போல்ட் முடுக்கிய இடத்தில் பச்சைக் களிம்பு. வருசக்கணக்காகத் தேய்க்காத பூஜைச் செம்பு மாதிரி. போல்ட்டைக் கழற்றினால் கீழே துரு, துருவுக்குக் கீழே பெயின்ட்.

ஜம்பர் வயரின் மைனஸ் கிளிப்பை நான் எஞ்சினில் மாட்டியபோது கெட்டுப்போன இந்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டு ஒரு புது வழி கிடைத்திருக்கிறது. அதனால்தான் ஓடியது. பேட்டரியிலேயே மாட்டியிருந்தால் அன்றைக்கே டக டக என்று சொல்லியிருக்கும், ஆறாயிரம் மிஞ்சியிருக்கும். மாமா சொன்ன முறை சரி. அந்தச் சரியான முறைதான் என்னை ஏமாற்றியது.

ஹெட்லைட் மங்கினதும் அதே கதை. பேட்டரி இறங்கினாலும் மங்கும், எர்த் கெட்டாலும் மங்கும். விளக்கைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. மீட்டர் பிரிக்கிறது. மீட்டர் முந்நூறு நானூறு ரூபாய்க்கே கிடைக்கிறதாம்.

உப்புத்தாளில் இரும்பு வெளுக்கும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பேட்டரி வயரைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால் பிளஸ் முடுக்கும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டு வெல்டிங் ஆகிவிடும். அவர் கையில் அப்படி ஒரு தழும்பு இருக்கிறது, மோதிர விரலில். மோதிரத்தோடு போயிருக்கிறது.

சாவி. ஒரே சுற்றில்.

கூலி முந்நூறு கேட்டார். கொடுத்தேன். பேட்டரிக் கடை பில்லை அம்மா கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

•

களிம்பு ஏன் பிடித்தது என்றும் அவரே சொன்னார். வண்டி நிற்பது கட்டுத்தரை ஓரம். இரண்டு மாடு, ஒரு கன்று. கோமியத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பைத் தின்னும். பித்தளை, செம்பு, எலெக்ட்ரிக் முனை எதுவும் தப்பாது. வண்டியை அந்தப் பக்கம் நிறுத்தாதீங்க என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "மாட்ட அவுத்துட்டு வண்டியக் கட்டுனா மாடு சும்மா இருக்குமா?" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாளா என்று தெரியவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

•

சத்தத்தைக் கேட்டுப் பிரிக்கும் முறை, அவர் சொன்னபடி:

சத்தமே இல்லையென்றால் மின்சாரம் செல்ஃப் வரைக்கும் போகவில்லை. பெரும்பாலும் வண்டி மேல் குற்றம் இருக்காது. கிளட்சை முழுக்க மிதிக்கவில்லை, கியர் நியூட்ரலில் இல்லை, ஸ்லாஷரைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. லீவர் விழுந்து கிடக்கிறது, இப்படி ஏதாவது. வண்டியை இப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள், சாவி திருப்பியதும் பாய்ந்துவிடக் கூடாது என்று. அதற்கு அப்புறம்தான் ஃபியூஸ், ரிலே, எலி கடித்த வயர்.

டக் என்று ஒரே சத்தம் வந்து நின்றால் செல்ஃப் மோட்டாரோ, உள்ளே இறுகிப்போன எஞ்சினோ. டக டக டக என்று தொடர்ந்தால் பேட்டரி, டெர்மினல், எர்த். விர்ரென்று காற்றாடி மாதிரி சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் செல்ஃப் பல் ஃப்ளைவீலைப் பிடிக்கவில்லை. எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் கரண்ட்டை விட்டுவிட வேண்டும், எண்ணெய்ப் பக்கம் போக வேண்டும்.

பத்து நொடிக்கு மேல் செல்ஃபை அழுத்தக் கூடாது. அரை நிமிசம் விட்டு மறுபடி. நாம் கோபத்தில் அழுத்துகிற அழுத்துக்குத்தான் நிறைய செல்ஃப் மோட்டார் போகிறதாம்.

•

உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டியில், சாவி திருப்பியதும் பாய்ந்துவிடாமல் தடுக்கும் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். ஒரு கல்லூரியில் மைதானம் பார்த்துக்கொள்கிற சொந்தக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்சு. ஆள் உட்கார்ந்தால்தான் கரண்ட். பிரேக் மிதித்திருக்க வேண்டும், கத்தி ஓடும் சுவிட்சு அணைந்திருக்க வேண்டும். கத்தி சுற்றும்போது சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். சீட்டுக்கு அடியில் அந்தச் சுவிட்சின் வயர் கழன்றால் வண்டி நல்லாயிருந்தும் ஓடாது. எழுந்தாலே நின்றுவிடுகிறதே என்று அவருடைய ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம்: சீட் மேல் இரண்டு செங்கல்.

இது எனக்குப் பிடிக்கவில்லை. கத்திக்குப் பக்கத்தில் காலை வைக்கிறவன் செங்கல் இல்லை.

•

புதன், மதியம் வெயிலில்.

மீதித் தோப்பு வெட்டிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. இந்த முறை எர்த் பட்டை மேல் பழி போட முடியாது. டீசல் தீர்ந்தது. காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. குச்சி விட்டுப் பார்க்கிற பழக்கத்தை நான்தான் விட்டுவிட்டேன். கேனில் வாங்கி ஊற்றினேன். எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை. குழாய்க்குள் காற்று.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி அதிலேயே சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சிப் பற்ற வைப்பது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டியது இதைத்தான். டீசலை நெருக்க முடியாது, அதனால் பம்ப் தள்ளினால் நாசில் திறக்கும். குழாயில் காற்று நுழைந்தால் பம்ப் எத்தனை தள்ளினாலும் காற்று சுருங்கிச் சுருங்கி விரிகிறதே தவிர நாசில் திறக்கவே திறக்காது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், வெயிலில் நின்றபோதுதான் புரிந்தது.

ஃபில்டர் மேலே ஒரு சின்ன ஸ்க்ரூ. அதை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, கைப் பம்பை அடிக்க வேண்டும். முதலில் சோடா நுரை மாதிரி வரும். நுரை நின்று தண்ணீர் மாதிரி சீராக ஒழுகும்போது இறுக்க வேண்டும். அதற்குள் விட்டால் திரும்பவும் முதலில் இருந்து. பிறகு பெரிய பம்பின் ஸ்க்ரூவுக்கும் அதே. அப்படியும் எடுக்காவிட்டால் நாசிலுக்குப் போகும் நட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும், கையை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நெருக்கத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி போட்ட மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்கும்படி ஆகும்.

எனக்கு ஃபில்டரோடு முடிந்தது. முக்கால் மணி நேரம், கை முழுக்க டீசல்.

அப்புறமும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிறகு பார்த்தால், இத்தனை நேரமும் எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் நாப் இழுத்தபடி இருந்தது. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

•

ஜி.டி. நாயுடு பற்றிச் சொல்வார்கள். சூலூர்ப் பக்கம் கலங்கலில் பிறந்தவர். இளம் வயதில் ஒரு வெள்ளைக்காரரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கினார். வாங்கி, பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பச் சேர்த்தார். 1937இல் கோயம்புத்தூரில் மின் மோட்டார் தயாரித்தபோது அந்தப் பழக்கம்தான் கை கொடுத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூர் பம்ப் ஊர் ஆனது ஒரு நாளில் இல்லை. இப்படிப் பிரித்துப் போட்டவர்கள் நிறைய. நான் பிரித்தது ஒரு ஃபில்டர் ஸ்க்ரூ.

•

முன்பு ஒரு தரம் நடந்தது, இங்கேயே எழுதி வைக்கிறேன். தோளில் மாட்டிப் புல் வெட்டும் பெட்ரோல் மெஷின். ஐந்து நிமிசம் ஓடும், நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து எடுக்கும், ஐந்து நிமிசம், நிற்கும். டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று ஒரு மூச்சு. மூடியில் காற்று நுழைய ஊசி அளவு ஓட்டை இருக்கிறது. அதில் குளவி மண்ணை அப்பி வைத்திருந்தது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம், பிறகு இறங்க மறுக்கிறது. குளவி வீட்டில் கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்பார்கள். டேங்க் மூடியில் கட்டினால் கார்பரேட்டர் மெக்கானிக்குக்கு வருமானம் பிறக்கும்.

அந்த மெஷினுக்கு இன்னொரு வியாதி, பழைய பெட்ரோல். இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மூன்று மாதம் டேங்கில் கிடந்தால் கார்பரேட்டரில் பிசின் மாதிரிப் படிகிறது. சீசன் முடிந்தால் டேங்கைக் கவிழ்த்துவிட்டு, மிச்சம் தீரும் வரை ஓட விட்டு வைப்பது நல்லது. எடுக்காமல் அடம் பிடித்தால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்: நனைந்திருந்தால் பெட்ரோல் வந்துவிட்டது, பொறியைத்தான் பார்க்க வேண்டும், காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போன பிறகு கற்றுக்கொண்டது.

•

வியாழன்.

வெட்டாமல் விட்ட மூலையில் இன்றைக்கு அம்மா இரண்டு மாட்டையும் அவிழ்த்துவிட்டாள். வட்டப் பாத்திக்குள் கால் வைக்காமல் அதுகள் மேய்வதை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கன்று மட்டும் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துவிட்டது.

வண்டியைக் கட்டுத்தரையை விட்டு நகர்த்திக் களத்துப் பக்கம் நிறுத்தியாயிற்று. மேலே தகரம் இல்லை, வெயில் படும். தார்பாய் போட வேண்டும். தார்பாய்க்கு அடியில் எலி வரும்.

சனிக்கிழமை காங்கேயம் போனால்:

உப்புத்தாள் இரண்டு. பல் வாஷர் நாலைந்து. டிஸ்டில்டு வாட்டர் வேண்டாம், புது பேட்டரிதானே. மல்டிமீட்டர் ஒன்று. சொட்டுநீர்க் குழாய்க்கு ஜாயின்ட் மூன்று. டீசல் முள் கிடைக்குமா கேட்க வேண்டும். பருத்திக்கொட்டை ஒரு மூட்டை, தவிடு அரை மூட்டை.